சேனை வைத்தது யார்?

“சேனை வைக்காம எம் பேத்தி மேல ஊசி படக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்!”

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியின் வார்டு வாசலில், ஒரு கையில் வெள்ளிச் சங்கும் மறு கையில் தேன் பாட்டிலுமாக நின்றார் சௌந்தரபாண்டியன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்குச் சொந்தக்காரர். பேச்சில் அவரை ஜெயித்தவர் யாரும் இல்லை. ஜெயிக்கப் பார்த்தவர்கள் பாதியிலேயே குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள்.

மகன் மாரிசெல்வம் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். மருமகள் பாண்டிசெல்வியோ, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து “சரி மாமா” என்பதற்கு மேல் வாய் திறந்ததில்லை. ஆகவே முடிவெடுக்க வேண்டியவர் தாம் ஒருவர்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

யார் கை முதலில் பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கிறதோ, அவர் குணம்தான் பிள்ளைக்கு வரும். பேத்திக்குத் தம்முடைய வாய்ச் சாமர்த்தியம் வர வேண்டும். சேத்தூரிலிருந்து சம்பந்தி வேறு பைக்கில் கிளம்பிவிட்டாராம். அவர் கை முந்திக்கொண்டால், அவரையும் அவர் மகளையும் போலப் பேத்தியும் வாயில்லாப் பூச்சியாகவா வளர வேண்டும்?

கதவை மறித்துக்கொண்டு நின்றாள் நர்ஸ் பிரிஸ்கில்லா.

“ஐயா, பிள்ளைக்கு ஆறு மாசம் தாய்ப்பால் மட்டுந்தான். தேன் கூடவே கூடாது. பொறந்த ஒடனே போட வேண்டியது வைட்டமின் கே ஊசி.”

“பத்து மாசமும் மருமவளுக்கு முருங்கைக்கீரை, அகத்திக்கீரைன்னு ஆக்கிப் போட்டிருக்கு தாயி. நீங்க சொல்ற சத்து அதுல இல்லையாக்கும்?”

“நெறையவே இருக்கு. ஆனா தாய் திங்கிறதுல இருந்து வயித்துப் பிள்ளைக்கு ரொம்பக் கொஞ்சந்தான் போய்ச் சேரும். தாய்ப்பால்லயும் அது கம்மி. அந்தச் சத்து பத்தலைன்னா பிள்ளைக்கு ரத்தம் உறையாதுய்யா. கசிய ஆரம்பிச்சா நிக்காது.”

“எங்காத்தா எட்டுப் பிள்ளை பெத்தா. எவனுக்கு ஊசி போட்டாக?”

“எட்டும் பொழைச்சுதா?”

சௌந்தரபாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு தம்பி, பிறந்து ஒரு மாதத்தில், நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தவன், காரணம் தெரியாமலே போனான்.

பிரிஸ்கில்லா விடவில்லை. “நீங்க நெய்யிற துணி வெளிக்காயத்தைக் கட்டும். பிள்ளைக்குத் தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சா எந்தத் துணியைச் சுத்துவீக?”

நல்ல கேள்விதான். இவள் வாயும் லேசுப்பட்டதில்லை என்று அவருக்கே தோன்றியது. அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

“நான் ஊசியே வேண்டாம்னா சொன்னேன்? மொதல்ல சேனை, பொறவு ஊசி.”

“தேன் உள்ள போகாதுய்யா.”

“அப்ப ஊசியும் போகாது!”

பிரிஸ்கில்லா தலையைத் திருப்பிக் கதவிடுக்கு வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். திரும்பியபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

“சரி, இம்புட்டுப் பேசுறீகளே, உங்களுக்கு யாருய்யா சேனை வச்சது?”

கேட்டதுதான் தாமதம், சௌந்தரபாண்டியனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“எங்க சித்தப்பா! வத்திராயிருப்புச் சந்தையில ஒருத்தன் அவர் தலையில நொண்டி மாட்டைக் கட்டிட்டான். மறுவாரமே அதே மாட்டை, அவன்கிட்டயே, கூட வெலைக்கு வித்துட்டு வந்தாரு!”

“அடேயப்பா! பொறவு?”

பொறவு என்ன, அண்டை வயல்காரனோடு நடந்த வரப்புத் தகராறு வந்தது, சித்தப்பா ஒரு வக்கீலையே வாயடைக்க வைத்த கதை வந்தது. பிரிஸ்கில்லா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். இப்படிக் கேட்கிற ஆள் கிடைத்து எத்தனை காலம் ஆயிற்று! பேச்சுச் சுகத்தில் சம்பந்தியின் பைக்கைக்கூட மறந்துபோனார்.

உள்ளிருந்து ‘வீல்’ என்று ஒரு அழுகை கிளம்பியது. வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

“கேட்டீகளா, கேட்டீகளா!” சௌந்தரபாண்டியன் நெஞ்சில் தட்டிக்கொண்டார். “எங்க வம்சத்துத் தொண்டை! சேனை வைக்கிறதுக்கு முன்னாலயே இந்தப் போடு போடுதா பாருங்க!”

பிரிஸ்கில்லா மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். நீளமாக மூச்சு விட்டாள். கதவிலிருந்து கையை எடுத்தாள்.

“உங்ககிட்டப் பேசி யாரால ஆகும்? தேன் பாட்டிலை அந்த ஜன்னல்ல வச்சிட்டு உள்ள போங்க. பிள்ளையைப் பாருங்க.”

படித்த நர்ஸையே பணிய வைத்தாகிவிட்டது! பாட்டில் போனால் போகிறது, சங்கில் ஏற்கெனவே ஒரு சொட்டு ஊற்றித்தான் வைத்திருந்தார். ஆடிப்பூரத் தேரைத் தாம் ஒருவரே இழுத்து நிலை சேர்த்ததுபோல உள்ளே நடந்தார்.

கட்டிலில் சாய்ந்திருந்தாள் பாண்டிசெல்வி. அழுத களைப்பில் அவள் மடியில் பிள்ளை கண் சொருகிக் கிடந்தது. சங்கோடு குனிந்தவர், பிள்ளையின் தொடையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தார்.

“இதென்னம்மா, பஞ்சு?”

பாண்டிசெல்வி அவர் கையிலிருந்த சங்கை மெதுவாக வாங்கி, கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

“சேனை வச்சாச்சு மாமா. எங்க வம்சத்துத் தொண்டைன்னு நெஞ்சைத் தட்டுனீகளே, அப்பதான் இன்னொரு சிஸ்டர் கையால ஊசி ஏறுச்சு. எம் பிள்ளைக்கு அதுதான் சேனை. அது முடியுற மட்டும் மாமாவைப் பேச விட்டு வாசல்லயே நிறுத்தி வைங்கன்னு பிரிஸ்கில்லா சிஸ்டர்கிட்டச் சொன்னது நான்தான்.”