அக்காவுக்குப் பக்கத்தில்

“விரலை வெட்டினாத்தான் உண்டும்மா,” என்று மோதிரக் கையைக் கவுன்டரில் நீட்டினார் அவள் கணவர்.

கவுன்டர் பெண் இந்தத் திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விதிகளெல்லாம் அவளிடம் இன்னும் சுடச்சுட இருந்தன. “மன்னிக்கணும் சார். மோதிரம், வளையல், வாட்ச் எதுவும் உள்ளே கூடாது. எல்லாம் கையால வரைஞ்ச பழைய நகைப் படங்க. ஒரு கீறல் விழுந்தாலும் என் தலைதான் உருளும்.”

நகைக் கலைக்கென்றே வைத்திருந்த நூலகம் அது. தரையிலிருந்து கூரைவரை நகைப் புத்தகங்கள். உள்ளே போகிறவர் மேல் மட்டும் குந்துமணி அளவு நகைகூட இருக்கக் கூடாது. கூட வந்த மனைவி தன் வளையல்களை உருவிக் கவுன்டரில் இருந்த தட்டில் போட்டுவிட்டு, கணவருக்காக வாதாட ஆரம்பித்தாள்.

“அவருக்கு அது வராதுங்க. எண்ணெய் போட்டுப் பார்த்தாச்சு, நூல் சுத்தி இழுத்துப் பார்த்தாச்சு. மனுஷன் போட்ட கூச்சல்ல, நான் புருஷனைப் போட்டு அடிக்கிறேன்னு எதிர்வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க.”

அது அவருடைய முதல் மனைவி போட்ட மோதிரம். செத்துப்போன அந்தப் பெண்ணை இவள் ‘அக்கா’ என்றுதான் சொல்வாள். அக்கா நகைக்கடைகளுக்கு மாதிரிப் படங்கள் வரைந்து கொடுத்தவள். அந்தப் படங்களை எல்லாம் இவளைக் கட்டுவதற்கு முன்பே பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டதாக அவர் சொல்லியிருந்தார்.

“இதையும் கழட்டிடணும்னுதான் பார்க்கிறேன். விரல் பெருத்துப்போச்சு, வர மாட்டேங்குதே,” என்பார். அவர் முகத்தைப் பார்த்தால் அவளுக்கே பாவமாக இருக்கும்.

அதனால் இவள் போட்ட கல்யாண மோதிரத்துக்கு விரல் கிடைக்கவில்லை. சுண்டுவிரலில் நழுவியது, நடுவிரலில் ஏறவில்லை. பத்து வருஷமாக அது அவருடைய சாவிக்கொத்தில், ஸ்கூட்டர் சாவிக்கும் பீரோ சாவிக்கும் நடுவே குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறது.

அவள் தையல்காரி. எத்தனை இறுக்கமான சட்டையையும் தையல் பிரித்து, விட்டுத் தைத்துக் கொடுத்துவிடுவாள். தங்கத்தில் பிரிப்பதற்குத் தையல் இல்லையே! அப்போதுதான் துணி கொடுக்க வந்த ஒருத்தி சொன்னாள்: இரண்டு பாதியாகத் திறந்து, விரலில் இருக்கிற மோதிரத்தைக் கழற்றாமலே அதை அணைத்துக்கொண்டு பூட்டும் மோதிரம் ஒன்று உண்டாம். படம் இந்த நூலகத்தில் கிடைக்குமாம்.

“அக்காவை எழுந்திருக்கவா சொல்றேன்? கொஞ்சம் நகர்ந்து உக்காந்தாப் போதும்,” என்று பஸ்ஸில் இடம் கேட்கிற மாதிரி அவள் கேட்டபோது அவர் சிரித்தார். ஆனால் கிளம்பத்தான் இழுத்தடித்தார். சனிக்கிழமை ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை நூலகம் கிடையாது. கடைசியில் இந்தப் புதன்கிழமை லீவு போட வைத்துக் கூட்டிவந்துவிட்டாள்.

“சோப்பு போட்டு ஒருதடவை பாருங்களேன் சார்,” என்றாள் கவுன்டர் பெண், இரக்கப்பட்டு.

அவர் பெருமூச்சு விட்டார். வெளி வராந்தாவின் கடைசிவரை போய், இடப்பக்கம் திரும்பி மறைந்தார். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது விரலில் நுரை, முகத்தில் வேதனை.

“ம்ஹூம். அசைய மாட்டேங்குது.”

“அப்ப நீங்க இந்த பெஞ்சில இருங்க சார். மேடம் மட்டும் போகட்டும்.”

“நீ போம்மா. நீ எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம்.”

அந்தப் படம் மூன்றாவது புத்தகத்திலேயே கிடைத்துவிட்டது. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் படியெடுத்தாள்.

ஓடாத குறையாக வெளியே வந்து பெஞ்சுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அவர் கையை இழுத்து, தாளை அந்த மோதிரத்தின்மேல் வைத்துக் காட்டினாள். “நடுவில அக்கா. ரெண்டு பக்கமும் நான். எப்படி?”

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அய்யே, இதுக்குப் போய் அழுவாங்களா! கழட்ட வரலைங்கிறது உங்க தப்பா என்ன?” அவள் தன் துப்பட்டா நுனியால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். அப்படியே விரலில் காய்ந்திருந்த சோப்பையும் துடைத்தாள்.

அப்போது டீ குடிக்கப் போயிருந்த வயதான நூலகர், குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார். பெஞ்சைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“அடடே, சனிக்கிழமை சார்! புதன்கிழமையே வந்துட்டீங்களா?” என்றவர் கவுன்டர் பக்கம் திரும்பினார். “சாரை ஏம்மா வெளியே உக்கார வெச்சே? அவர் வீட்டம்மா வரைஞ்ச படமெல்லாம் நம்மகிட்டதானே இருக்கு. அதைப் பார்க்கத்தான் வர்றார்.”

“மோதிரம் கழட்ட வராதாம் சார்,” என்றாள் கவுன்டர் பெண்.

கிழவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“வராதா? வாராவாரம் இந்தத் தட்டுல கழட்டிப் போடுறாரே!”