கண்ணாடி அறை

பள்ளி உளவியலாளர்களை உருவாக்கும் புதிய முதுகலைப் படிப்பு தொடங்குவதற்குள், பாடத்திட்டக் குழுவே மூன்றாக உடைந்திருந்தது. குழுவில் மொத்தமே மூன்று பேர்.

படிப்புக்காகக் கட்டிய கவனிப்பு அறையில் இன்று சோதனை. நடுவில் பெரிய கண்ணாடி. இந்தப் பக்கத்திலிருந்து குழந்தைகளைப் பார்க்கலாம். அந்தப் பக்கம் விளையாடும் குழந்தைகளுக்கு அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடிதான்.

அறையில் ஒரே ஒரு சுழல் நாற்காலி. துறைத்தலைவர் இழுத்தார், பேராசிரியை விடவில்லை.

"தலைவர் நான்!"

"சர்வீஸ்ல சீனியர் நான்!"

சந்தடி சாக்கில் மூன்றாமவர் உட்கார்ந்துவிட்டார். தலைவர் கையிலிருந்த பாடத்திட்டத்தால் அவர் தலையில் ஒன்று போட்டார்.

அப்போதுதான் ஸ்பீக்கரில் வந்த சிரிப்பு அவர்கள் காதில் விழுந்தது. பொம்மைகளை யாரும் தொடவே இல்லை. பத்துக் குழந்தைகளும் வரிசையாக உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தன.

"தங்களோட மூஞ்சியவே பாத்து இப்படியா சிரிக்கும்?" என்றார் தலைவர்.

"பெரிய கோளாறு சார். இதுக்குத் தனியா ஒரு பேப்பரே வைக்கணும்" என்றார் பேராசிரியை.

மூன்றாமவரும் தலையைத் தடவியபடி ஆமோதித்தார். ஆறு மாதத்தில் முதல் ஒற்றுமை.

எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்துப் பதறினார். "சார், இந்தப் பக்கம் லைட்டே போடக் கூடாதுன்னு சொன்னேனே! போட்டா அங்கேர்ந்து எல்லாம் தெரியும்!"

சுவிட்சை அணைத்தார்.

ஸ்பீக்கர் அலறியது:

"ஐயோ, லைட்டைப் போடுங்க! நாற்காலி யாருக்குன்னு இன்னும் தெரியலையே!"