ஏழில் வைத்த கண்ணாடி

"ஏன்யா சிங்காரம், உம் பொண்டாட்டி கண்ணைப் பறிச்சதே கொரங்குதான். நீ சுடாம வேற யாரு சுடுவாங்க?"

பக்தவச்சலம் வாசலில் நின்று கத்தினார். மலையிலிருந்து இறங்கி வந்த கடுவன் குரங்கு ஒன்று காலையில் அவர் தறிக்கூடத்துக்குள் புகுந்து, தறியில் பூட்டியிருந்த நூலையெல்லாம் அறுத்துப் போட்டிருந்தது.

சிங்காரம் வீட்டில் ஒரு ஏர் கன் இருப்பது தெருவுக்கே தெரியும். கப்பல் வேலைக்குப் போன அக்கா புருஷன் கொண்டுவந்து தந்தது. மேலே குழாய் மாதிரி தூரக்கண்ணாடி வைத்தது.

"பழைய துப்பாக்கிங்க. வேலை செய்யுதோ இல்லையோ..." என்று இழுத்தான் சிங்காரம்.

"எடுத்துத்தான் பாரேன். கொல்ல வேணாம்யா, முருகன் மலைக் கொரங்கு. தொடையில ஒண்ணு வெச்சா ஓடிடும்."

பக்கத்து வீட்டுத் தாயாரம்மாளும் சேர்ந்துகொண்டாள்.

"கண்ணு போனப்புறம் பொண்ணு பார்க்க வந்தவனுங்க எல்லாம் காபியைக் குடிச்சுட்டு எழுந்து போயிட்டானுங்க. இவன்தான் சீர் செனத்தின்னு ஒண்ணும் கேக்காம தாலி கட்டினான். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? நீ குடுத்து வெச்சவ காஞ்சனா."

"ஆங், குடுத்து வெச்சவதான்" என்றாள் காஞ்சனா, முறத்தில் அரிசியைப் புடைத்தபடி.

இந்தப் பேச்சு வந்தாலே சிங்காரம் அங்கிருந்து எழுந்து போய்விடுவான். இன்றைக்கும் போனான். பரணில் சாக்கு சுற்றிக் கிடந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினான்.

கடுவன் எதிர் வீட்டு மாடியில், கைப்பிடிச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தது. அது காஞ்சனா பிறந்த வீடு.

அன்றைக்கும் ஒரு குரங்கு அதே சுவரில்தான் உட்கார்ந்திருந்தது.

அப்போது அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. துப்பாக்கி புதுசு. கண்ணாடிக் குழாயில் எண் போட்ட ஒரு வளையம் இருந்தது. அதை ரெண்டில் வைத்தால் எதிர் மாடி முழுக்கத் தெரியும். திருப்பத் திருப்ப எல்லாம் கிட்டே வரும், ஆனால் சுற்றி இருப்பது ஒவ்வொன்றாக மறையும். ஏழில் வைத்தால் குரங்கின் முகம் மட்டும்தான். மயிரை எண்ணிவிடலாம் போலிருந்தது. அந்த ஆச்சரியத்திலேயே விசையை இழுத்துவிட்டான்.

குரங்கு தாவிவிட்டது. குண்டு சுவரில் பட்டுத் தெறித்தது. ஒரு பெண் அலறினாள்.

கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்த பிறகுதான் பார்த்தான். குரங்கு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, வடகம் காயப்போட்ட பாயின் மேல் காஞ்சனா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் தன் மாடிச் சுவருக்குக் கீழே குப்புறப் படுத்துக்கொண்டான்.

"கொரங்கு கீறிடுச்சாம்!" என்று தெருவில் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியிலும் அவள் அதையேதான் சொன்னாளாம். வலியில் அவளுக்கு எதுவும் புரியவில்லை என்று இவன் நினைத்துக்கொண்டான். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. 'அந்தப் பொண்ணையே கட்டிக்கறேன்' என்று வீட்டில் சொல்ல மட்டும்தான் வந்தது. ஊர் அவனைக் கொண்டாடியது. அவன் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டான்.

"சுடு சிங்காரம்! இன்னா பார்த்துகினு நிக்கிற?" கீழேயிருந்து பக்தவச்சலம் குரல் கொடுத்தார்.

துப்பாக்கியைத் தோளில் அணைத்தான். கண்ணாடி ஏழிலேயே நின்றிருந்தது. குரங்கின் முகம் கண்ணாடிக்குள் வந்து வந்து போனது. விரல் விசைப் பக்கமே போகவில்லை.

பின்னால் கொலுசுச் சத்தம். காஞ்சனா அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, வளையத்தைத் திருப்பினாள்.

"ரெண்டுல வெச்சிப் பாருங்க. எங்கம்மா மாடிக்கு வந்தாலும் வருவாங்க. ஏழுல வெச்சா கொரங்கு மட்டும்தான் தெரியும். பக்கத்துல யாரு இருக்காங்கன்னு தெரியாது."

சிங்காரம் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்துத் திரும்பினான். அந்த வளையத்தைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

"இது... உனக்கெப்படித் தெரியும்?"

"கல்யாணமாகி வந்த புதுசுல, நீங்க வேலைக்குப் போனப்ப எடுத்து வெச்சிப் பார்த்தேங்க. இதுக்கு ஒரு கண்ணு போதுமே. ரெண்டுல எங்க மாடி முழுக்கத் தெரிஞ்சுது. ஏழுல சுவரு மட்டும்தான். நான் வடகம் போட்ட எடம் தெரியவே இல்லை. அன்னிக்குத்தான் மனசு ஆறிச்சு."

"எதுக்கு?"

"நீங்க என்னைப் பார்த்துட்டுச் சுடலைன்னு."

துப்பாக்கி அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் குரங்கு தாவி மலைப் பக்கம் ஓடியது. தெருவில் எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

சிங்காரம் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அப்போ, சுட்டது நான்னு..."

"அன்னிக்கே தெரியுங்க."

"தெரிஞ்சுமா கொரங்குன்னு சொன்னே? ஏன் காஞ்சனா?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீங்க மாடிக்கு வர்ற நேரம் பார்த்துத்தான் நான் வடகம் போட வருவேன். உங்களையேதான் பார்த்துகினு இருந்தேன். போன கண்ணு கடைசியாப் பார்த்ததே உங்களைத்தாங்க. உங்களைப் போயி எப்படிங்க காட்டிக் குடுப்பேன்?"