பெருக்கல் குறி

கழிவுநீர்க் கிணற்றின் பம்பை இயக்கும் சர்க்யூட்டுக்காகத் தமயந்தி முதலில் ஓர் அட்டவணை எழுதினாள். கிணறு நிறைந்தால் பம்ப் ஓட வேண்டும். குறைந்தால் நிற்க வேண்டும். நிறைந்த கிணற்றுக்குள் மனிதன் இருந்தால்? மேற்பார்வையாளன் சிரித்தான். "ஆள் எறங்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு மேடம். இல்லாத ஆளுக்கு எதுக்கு சென்சாரு?" சட்டம் தடுத்த மனிதன், ஆகவே இல்லாத மனிதன்! நிகழவே நிகழாத நிலைக்கு அவளது மின்னணுத் துறையில் ஒரு பெருக்கல் குறி உண்டு. எது நடந்தாலும் கவலையில்லை என்பது அதன் பொருள். ஆள் உள்ளே இருக்கும் வரிசையில் அவள் அதைப் போட்டாள். உள்ளே ஆள் உண்டா என்று பார்க்கத் தேவையில்லாமல் சர்க்யூட் சுருங்கி அழகானது.

பம்ப் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாளே அதன் வாய் பாதி அடைத்துக்கொண்டது. கிணற்றில் இறங்கி அடைப்பெடுக்க, இடுப்பில் கயிற்றுடன் ஓபுலேசு வந்தார். "மெயினை அணைச்சிடுங்க," என்றாள் தமயந்தி. "அணைச்சா தெருவெல்லாம் பொங்கிரும் மேடம்," என்றான் மேற்பார்வையாளன். ஓபுலேசு அவளிடம் கேட்டார்: "நான் உள்ள இருக்கையில மோட்டார் ஓடாதுல்லம்மா?"

"மேடமே செஞ்ச சர்க்யூட்டுடா. ஓடாது, எறங்கு," என்றான் மேற்பார்வையாளன்.

ஓபுலேசு அவன் பக்கம் திரும்பவில்லை. ஏணியின் முதற்படியில் ஒரு காலை வைத்தபடி, தமயந்தியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.