ஹீட்டர் பக்கத்து நாற்காலி

சாம்பல் நிறக் கோட்டுப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு, ஹீட்டர் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு நோட்டைத் திறந்து ஒரு டிக் போட்டாள்.

"வந்துட்டா மகராசி!" கவுண்டருக்குப் பின்னால் டோலரஸ் கோவாச் பல்லைக் கடித்தாள். நகர மையக் கிளை நூலகத்துக்கு ஒன்பது வருடமாக அவள்தான் தலைமை.

திங்கட்கிழமையே மேலிடத்துக் கடிதம் வந்துவிட்டது. இந்த வாரம் மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்லாமல் வருவார். நகர மையம், ஆற்றங்கரை என்ற இரண்டு கிளைகளில் எது குறைந்த மார்க் வாங்குகிறதோ அதற்குப் பூட்டு.

போன வருட அறிக்கையில் ஒரே வரியில் அறைந்திருந்தார்கள்: 'வாசிப்போரைவிடத் தூங்குவோர் அதிகம்.' அந்த வரி டோலரஸின் தொண்டையில் இன்னும் முள்ளாக நின்றது. அதனால்தான் இன்று குளிருக்கு ஒதுங்கித் தூங்க வரும் பை தூக்கிகள் அத்தனை பேரையும் விரட்டியிருந்தாள். கடைசி ஆள் வெர்னன் வெளியே போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

காவலாளி லமார் அவள் பக்கம் குனிந்தான். "காருல வரல மேடம். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தாங்க. பூட்ஸைப் பாருங்க, ஒரே பனி."

"நம்ம சம்பளத்தைக் குறைச்சவங்க, அவங்க ஆளுங்களுக்கு மட்டும் காரா குடுக்கப் போறாங்க? நீ வாசல்ல நில்லு. வெர்னன் திரும்ப உள்ள வந்தான், உன்னையும் சேர்த்து அனுப்பிடுவேன்."

"வெளிய காது அறுந்து விழற குளிரு மேடம்."

"காதை மூடிக்கச் சொல்லு."

அந்தப் பெண் ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "சீட்டு இன்னும் சூடா இருக்கே. யார் இருந்தாங்க?"

"ஒரு ஆளு. தினம் வருவான். அனுப்பிட்டேன்."

"எங்க?"

"வெளிய. வேற எங்க?"

அவள் முறைத்தாள். டோலரஸும் சளைக்காமல் முறைத்தாள்.

"ராத்திரி எத்தனை மணி வரைக்கும்? ஞாயித்துக்கிழமை உண்டா?"

"எட்டு வரைக்கும். ஞாயிறு ஒண்ணுல இருந்து அஞ்சு. வாசல்லயே பெருசா போட்டிருக்கு. படிக்கத் தெரிஞ்சவங்களைத்தானே இந்த வேலைக்கு அனுப்புறாங்க?"

அந்தக் குத்தல் அவளுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. "பாத்ரூம்ல வெந்நீர் வருமா?"

"வரும். ஆனா சாவி எங்கிட்ட. ஆளுக்கு அஞ்சு நிமிஷம். ஆறாவது நிமிஷம் லமார் கதவைத் தட்டிடுவான்."

"உட்கார்ந்தபடியே கொஞ்சம் கண்ணு அசந்துட்டா?"

இந்தக் கேள்விக்காகத்தான் டோலரஸ் ஒரு வருடமாகக் காத்திருந்தாள். "தலை சாஞ்சா மேஜையில ஒரு தட்டு. மறுபடி சாஞ்சா தெரு. ஒரு பைக்கு மேல உள்ள விடறதில்ல. மூட்டை முடிச்சோட வர இது என்ன பஸ் ஸ்டாண்டா?"

பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி அழுந்தியது. இத்தனை கண்டிப்பைச் சொல்லியும் மார்க்கை வெட்டுகிறாளே பாவி என்று டோலரஸுக்கு வயிறு எரிந்தது.

"குழந்தைங்க பகுதியில, பகல் முழுக்க ஒரு குழந்தை இருந்தா யாராவது ஏதாவது கேப்பாங்களா?"

"கேக்காம? பள்ளிக்கூட நேரத்துல குழந்தை கண்ணுல பட்டா, குழந்தைகள் நல ஆபீசுக்கு உடனே போன். போன மாசம்கூட ஒண்ணைப் புடிச்சுக் குடுத்தேன். நல்லா எழுதிக்குங்க."

பேனா நின்றது. "நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

டோலரஸுக்கு உச்சி சூடேறியது. "நல்லா இருக்கும்மா நியாயம்! தூங்க விட்டா தூங்குறான்னு எழுதறீங்க. விரட்டினா மனுஷி இல்லைங்கறீங்க. நாங்க என்னதான் செய்யணும்? நாங்களும் மாசம் பொறந்தா வாடகை கட்டுற ஜாதிதான்!"

"வாடகை" என்றதும் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆத்தங்கரைக் கிளை எப்படி?"

டோலரஸ் வாய்விட்டுச் சிரித்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, விடுவாளா?

"அதுவா? சுத்த சத்திரம்! நாள் பூரா சுருண்டு படுத்துக் கெடக்கலாம், எழுப்ப நாதி கிடையாது. ஸ்கூலுக்குப் போகாத பிள்ளைங்க தரையில உட்கார்ந்து படம் வரையும், ஏன்னு கேக்க ஆளில்ல. அங்க இருக்கற மகாராணி சூப் வேற ஊத்துறா. இதையும் எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க."

அவள் ஒன்று விடாமல் எழுதினாள். முகம் முதல் முறையாக இளகியது. "எந்த பஸ்ஸு?"

"பதினேழு. எதுத்தாப்புலயே வரும்."

ஆற்றங்கரைக்குப் பூட்டு நிச்சயம். டோலரஸ் லமாரைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டபடி நடந்தவளை வாசலில் மடக்கினாள்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. எங்களுக்கு எத்தனை மார்க்?"

"மார்க்கா? நாளையில இருந்து எனக்கும் என் பொண்ணுக்கும் வீடு இல்ல. பகல்ல உட்கார இடம் பார்க்க வந்தேன்."