இரண்டாவது பிரேக்

"இடது பக்க ரூம்லயே போட்டுடுங்க டாக்டர். இதுல யோசிக்க ஒண்ணுமில்லை" என்றார் அண்ணன்.

டாக்டர் அம்மாள் அப்போதுதான் விளக்கி முடித்திருந்தார். இந்த மனநல மையத்தில் இரண்டு வகுப்புகள். மனசு பொங்கினால் அப்படியே கொட்டிவிடுகிறவர்களுக்கு இடது அறை. அங்கே அடக்கப் பழக்குவார்கள். எதையும் வெளிக்காட்டாமல் உள்ளேயே பூட்டி வைப்பவர்களுக்கு வலது அறை. அங்கே அவிழ்த்துவிடப் பழக்குவார்கள். அறை மாறினால் ஆள் இன்னும் மோசமாகலாம்.

தங்கை மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் அவள்தான் மூத்த பயிற்சியாளர். ஓட்டக் கற்பவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, தனக்கென்று உள்ள இரண்டாவது பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே பன்னிரண்டு வருஷம் ஓட்டியவள்.

"முன்னெல்லாம் இவ இருக்கிற இடமே தெரியாது டாக்டர், அவ்வளவு அடக்கம். இப்போ பிரேக் அறுந்த லாரி. இங்க வர்றதுக்கே, எந்த டாக்டர்கிட்ட போறதுன்னு நான்தான் சொல்லுவேன்னு அடம்."

அண்ணன் அவள் குற்றங்களை விரல் விட்டு எண்ணினார். காலை வகுப்புக்கு வேண்டுமென்றே தாமதமாக வந்தாள். காரைத் துடைக்காமல் போட்டுவிட்டுப் போனாள். அவருடைய யோசனை பிடிக்கவில்லை என்று கூட்டத்தில் முகத்துக்கு நேரே சொன்னாள். மாணவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு வேறு. நேற்று உச்சம்: எல்லாப் பயிற்சியாளர்கள் முன்னாலும், அவரையே பார்த்து, 'உன் உபதேசத்தை நிறுத்து' என்றுவிட்டாள்.

"தாமதம்னா எவ்வளவு?" என்றார் டாக்டர்.

"அஞ்சு நிமிஷம்."

"துடைக்காத கார்?"

"ஒரு நாள் முழுக்க அழுக்கோட நின்னுது."

விடைத்தாள் திருத்தும் டீச்சர்போல டாக்டர் தலையாட்டிக்கொண்டார்.

பேசிப் பேசி அண்ணனுக்குத் தொண்டை வறண்டது. தங்கை எழுந்தாள். மூலை அலமாரியைத் திறந்து, டம்ளர் எடுத்து, தண்ணீர் பிடித்து நீட்டினாள். குடித்துவிட்டு அவர் தீர்ப்பைச் சொன்னார்.

"இவ அடங்கினாத்தான் கார். இல்லேன்னா நாளைலேருந்து ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடுக்கட்டும். சாவியைக் குடு."

"குடுக்க மாட்டேன்" என்றாள் அவள், சாவியை விரலில் சுழற்றியபடி.

"பார்த்தீங்களா? இடது ரூம்தானே டாக்டர்?"

டாக்டர் தங்கையைப் பார்த்தார். "நான் சொல்லக் கூடாது. நீங்களே சொல்லிடறீங்களா?"

அவள் நேராகப் போய் வலது அறையின் கதவைத் திறந்தாள். உள்ளே வட்டமாக அமர்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "வாங்க வாங்க, இன்னைக்கும் அஞ்சு நிமிஷம் லேட்டா?" என்றது ஒரு குரல். எல்லோரும் கை தட்டினார்கள்.

அண்ணன் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

"ஆறு மாசமா நான் இந்த ரூம்தான் அண்ணே. லேட்டா வந்தது, துடைக்காதது, பிடிக்கலைன்னது, பாட்டு எல்லாமே டாக்டர் குடுத்த வீட்டுப்பாடம்."

வாசலைத் தாண்டியவள் திரும்பிச் சிரித்தாள்.

"உபதேசத்தை நிறுத்துன்னு சொன்னேன் பாரு, அது மட்டும் என் சொந்தச் சரக்கு."