செனட்டரின் உண்ணாவிரதம்

அப்பா ஒரு கையில் இடுக்கியால் செத்த எலியின் வாலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஹேர் டிரையரை வைத்து அதற்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் அடுப்புக்குள் பதினெட்டு பவுண்டு வான்கோழி வெந்துகொண்டிருந்தது.

குடும்பம் கூடி விருந்து சாப்பிடும் தேங்க்ஸ்கிவிங் அன்று டுலூத் நகரத்தில் இரண்டு பிணங்களை ஒரே சமையலறையில் பக்குவப்படுத்திய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

"ஏழு வாரம்டா ஆன்சல். ஒரு வால்கூட உள்ள போகல."

செனட்டர் என்பது என் மலைப்பாம்பு, சின்ன ரகம். பதினாறு வயதில் வாங்கினேன். நாள் முழுக்கச் சுருண்டு கிடக்கும், யாராவது வாய்க்கு நேராகக் கொண்டுவந்து நீட்ட வேண்டும் என்பதால் அந்தப் பெயர்.

கல்லூரி விடுதியில் பாம்புக்கு இடமில்லை. அம்மாவின் புது வீட்டிலும் இல்லை. மூன்று வருடமாக அப்பாதான் பார்த்துக்கொள்கிறார்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வருடத்துத் தேங்க்ஸ்கிவிங் அப்பாவுக்கு, அடுத்த வருடத்தது அம்மாவுக்கு. விவாகரத்து வக்கீல் எழுதிக் கொடுத்தது. எனக்கு இருபத்தொரு வயதாகியும் அந்தக் காகிதத்தை யாரும் கிழித்துப்போடவில்லை.

இது அம்மாவின் வருடம்.

ஆனால் அப்பா நான்கு முறை போன் செய்தார். நான்காவது முறை, "கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டுப் போயிடு" என்றார்.

பாம்பின் முகத்தை.

அதனால் இப்படி ஏற்பாடு: மதியம் பாம்பைப் பார்ப்பது, மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிப்பது, இரவு விருந்துக்கு அம்மா வீட்டில் இருப்பது. இப்போது மணி இரண்டே முக்கால்.

அப்பா எலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கி, உயிருள்ளது போல் லேசாக ஆட்டினார். செனட்டர் நாக்கை நீட்டியது. மோப்பம் பிடித்தது. பிறகு, படிக்காத மசோதாவில் கையெழுத்துக் கேட்டது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தியா?" என்றார் அப்பா. "அடியில சூடு வெச்சிருக்கேன், மேல விளக்கு வெச்சிருக்கேன். எனக்கே இவ்வளவு வசதி இல்ல."

பஸ்ஸில் வரும்போதே போனில் எல்லாவற்றையும் படித்திருந்தேன். பகல் சுருங்கி, காற்று குளிர ஆரம்பித்தால், ஆண் மலைப்பாம்புக்குச் சாப்பாட்டு நினைப்பு போய்க் கல்யாண நினைப்பு வந்துவிடும். பெட்டிக்குள் எவ்வளவு சூடு வைத்தாலும் வெளியே குளிர்காலம் என்று அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. நான்கைந்து மாதம் பட்டினி கிடக்கும். எடை இறங்காதவரை பயமில்லை.

செனட்டரைத் தலையணை உறைக்குள் விட்டு, அப்பா மீன் நிறுக்கும் கொக்கித் தராசில் மாட்டினேன். அக்டோபரில் மூன்று பவுண்டு ஆறு அவுன்ஸ் என்று அப்பா சுவரில் பென்சிலால் எழுதியிருந்தார், பனிக்கட்டியில் துளை போட்டுப் பிடித்த மீன்களின் எடைக்குக் கீழே.

இன்று மூன்று பவுண்டு ஐந்து.

ஒரே ஒரு அவுன்ஸ். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் எந்த மாப்பிள்ளையும் அதைவிட அதிகமாக இளைத்திருப்பான்.

"என்னடா... பொழைக்குமா?"

அப்பா பாம்பைப் பார்க்கவில்லை. அடுப்புக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேஜையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தார். யாராவது கேட்டால் கழுவி வைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் தராசை இன்னொரு முறை பார்த்தேன். மருத்துவர்கள் செய்வது போல மூச்சை இழுத்து விட்டேன்.

"கொஞ்சம் சீரியஸ்தான்ப்பா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் கூட இருந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்."

"அவ்வளவு மோசமா?" என்று கேட்டுக்கொண்டே ஹேர் டிரையரை மேஜையில் வைத்தார். அணைக்க மறந்துவிட்டார். காகிதக் கைத்துண்டுகள் எல்லாம் சமையலறை முழுக்கப் பறந்தன. அவற்றைப் பொறுக்க வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

நான் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"பாம்பு சாப்பிட மாட்டேங்குதும்மா."

"அது கிடக்கட்டும். அந்த ஆளு சாப்பிடறாரா?"

"பன்னெண்டு பேருக்குச் சமைச்சிருக்கார்."

அம்மாவின் பக்கம் அவளுடைய புதுக் கணவரும் அவருடைய மூன்று பிள்ளைகளும் போட்ட சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"சரி, இரு" என்றாள்.

நாங்கள் வான்கோழியில் கால்வாசியைக்கூட முடிக்கவில்லை. அப்பா மட்டும் மூன்று முறை பரிமாறிக்கொண்டார். தான் வேலைக்கு ஓட்டும் பனி வாரும் வண்டியில் இந்த மாதம் மோதிய வீட்டு வாசல் அஞ்சல் பெட்டிகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னார். பிறகு பூசணிக்காய் வைத்துச் சுட்ட இனிப்பு அப்பத்தை வெட்டியபடி, "ஐஸ்கிரீம் எடுத்துட்டு வாடா" என்றார்.

உறைபெட்டியில் அப்பா எதையும் தேதி எழுதாமல் வைக்க மாட்டார். மீன், ஆகஸ்ட். மான் கறி, நவம்பர். ஐஸ்கிரீம் டப்பாவை இழுத்தபோது பின்னாலிருந்த ஒரு பொட்டலம் முன்னால் சரிந்தது. அதிலும் கறுப்பு மையில் அவருடைய கோணல் கையெழுத்து.

"செனட்டர் எலிகள். அக்டோபர் 5. தேங்க்ஸ்கிவிங்குக்கு ஒன்று. மீதி மார்ச்சில், எப்போதும் போல."

அதை இருந்த இடத்தில் திரும்ப வைத்தேன். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே என்று பட்டாணிப் பொட்டலத்தை இழுத்து அதன் முன்னால் மறைத்தேன்.

வீட்டில் இருந்ததே நாங்கள் இரண்டு பேர்தான்.